முப்பத்தெட்டாம் நம்பர் பிடி

சைக்கிளுக்கு மோட்டார் மாட்டுகிறவனை ஊருக்குத் தெரியும். அந்த மோட்டாரைச் சைக்கிளோடு சேர்த்துப் பிடிக்கிற இரும்புத் துண்டைச் செய்கிறவனை, துண்டு உடைந்தால்தான் தெரியும்.

பேட்டையில் என் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதில் நாலடி லேத் ஒன்று, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்று, துளை போடும் மெஷின் ஒன்று, சின்ன உலை ஒன்று. முப்பத்து நாலு வருடம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அடுத்தவர் லேத்தில் நின்றேன். இப்போது அறுபத்தொன்பது வயதில் சொந்த லேத்தில் நிற்கிறேன். ஆறாம் வகுப்பு வரை படித்தவன். எழுதுவதில் குறை இருக்கும், எண்ணுவதில் இருக்காது. வீட்டிலேயே பட்டறை வைத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டில் கை வைத்ததும் வாசலில் சைக்கிள் மணி கேட்டு எழுந்து போகிற உங்களுக்கு, இதில் பாதி தெரிந்த கதைதான். மீதிப் பாதி உங்களுக்கு நேராமல் இருக்கட்டும்.

ரேஷன் கடை மூட்டை

மோட்டார் என்றால் சக்கரத்தின் நடுவிலேயே அடங்கியிருக்கிற பேட்டரி மோட்டார். பழைய சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இந்தச் சக்கரத்தைப் போட்டால் மிதிக்காமலே ஓடும். ஆனால் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அதன் அச்சு பின்பக்கமாக ஒரு உதை உதைக்கும். உதைத்து உதைத்து நட்டு இளகிவிட்டால் அச்சு சுழலும், ஒயர் அறும், சக்கரமே கழன்று போகும். அப்படி ஆகாமல் ஒரு முனையில் அச்சையும் மறு முனையில் ஃபோர்க்கையும் கவ்விக்கொள்கிற அரைச் சாண் துண்டுதான் பிடி. மோட்டார்ப் பெட்டியோடு வருகிற பிடி நம் ஊர்ச் சைக்கிள்களில் சரியாக உட்காருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனியாக அளவெடுக்க வேண்டும். லாரியின் பழைய வில்பட்டையை வாங்கி, உலையில் சுட்டு, நிமிர்த்தி, அறுத்து, அரம் போட்டு, மறுபடி சுட்டு, எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவேன்.

மூன்று வருடத்தில் எழுபத்தொரு பிடி செய்தேன். எல்லாவற்றிலும் எண் குத்தினேன். அது எஸ்டேட் பழக்கம். எண்ணுக்கு எதிரே நோட்டில் பெயர், ஊர், சைக்கிளின் வகை, அச்சின் அளவு. அடுத்த முறை வந்தால் மறுபடி அளக்க வேண்டாம் அல்லவா? முதல் பிடி வாங்கியவர் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ன அண்ணாச்சி, ரேஷன் கடை மூட்டையா இது? நம்பர் போட்டு அடுக்குதீய!"

விரல் அளவு

காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் பஸ் ஏறி வந்தார். மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வாப்பா மிதித்துக் கஷ்டப்படக் கூடாது என்று அங்கேயே ஒரு மோட்டார்ச் சக்கரம் வாங்கிவிட்டார். ஊருக்கு வர இரண்டு மாதம் ஆகுமாம். அதற்குள் பிடி தயாராக இருக்க வேண்டும். அளவு கேட்டேன். பெரியவர் போனைத் திறந்து ஒரு படம் காட்டினார். அச்சின் பக்கத்தில் ஒரு ஆள்காட்டி விரலை வைத்து எடுத்த படம். "இந்த வெரல் கனம்தான்" என்றார்.

நான் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு அரம் போடுகிறவன். சத்தம் போட்டுப் பேச வராது. அதனால் மெதுவாக, "இது யாருடைய விரல்?" என்று கேட்டேன். பெரியவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"என் மவன் வெரல்தான். ஆனா போன தடவ ஊருக்கு வந்ததுக்கு இப்பம் கொஞ்சம் பூசினாப்ல இருக்கான்."

எடை

எவ்வளவு எடை ஏற்றுவீர்கள் என்று கேட்காமல் பிடி செய்யக் கூடாது. எனக்கோ புது மனிதரிடம் இரண்டாவது கேள்வி கேட்க நாக்கு எழாது. என் மனைவி சொர்ணம்தான் அடுக்களை ஜன்னலில் நின்றபடி கேட்பாள். வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றும் ஏற்றுவதில்லை என்றுதான் சொல்வார்கள். "அப்ப எதுக்கு மோட்டாரு?" என்று கேட்பாள். பிறகுதான் தண்ணீர்க் கேன், மாட்டுத் தீவனம், மாவு மூட்டை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

மேலப்பாளையத்தில் ஒரு மில்லில் காவலாளியாக இருப்பவர் அப்படித்தான், ஒன்றுமே ஏற்றுவதில்லை என்று சாதித்தார். "பின்னால வீட்டுக்காரி உக்காருவாளா?" என்று சொர்ணம் கேட்டாள். ஆமாம் என்றார். அப்படியானால் அவள் எடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்றாள்.

"உக்காருவா மதினி. ஆனா போயி அவ எடையக் கேட்டுக்கிட்டு வர எனக்குத் தைரியம் இல்ல."

இன்னும் ஒரு அடி

முதல் இருபத்திரண்டு பிடிகளில் எண்ணை வால் பக்கத்தில் குத்தியிருந்தேன். மாட்டிய பிறகு அந்த இடத்தை, ஃபோர்க்கோடு சேர்த்து இறுக்குகிற கிளிப்பு மூடிக்கொள்ளும். கிளிப்பைக் கழற்றினால்தான் எண் தெரியும். கழற்றாமலே தெரியட்டும் என்று இருபத்து மூன்றாவதிலிருந்து நடுக் கழுத்தில், குறுக்கு வசத்தில் குத்த ஆரம்பித்தேன். கழுத்துதான் பிடியில் ஒடுக்கமான இடம், பார்வையான இடமும் அதுதான். அந்த யோசனை தோன்றிய அன்று எனக்கே என்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

இசக்கிமுத்து முப்பத்தெட்டாவது ஆள். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தோப்புகளில் இலை அறுத்து, கட்டுக் கட்டாகச் சைக்கிளில் ஏற்றி, விடியும்போது ஓட்டல்களுக்குப் போடுகிறவர். எடையை ஒளிக்காமல் சொன்ன ஒரே ஆள் அவர்தான். "ஆறு கட்டு. மழை பேஞ்சா தண்ணி எடையும் சேத்துக்கோங்க" என்றார். பேட்டைப் பக்கம் வரும்போதெல்லாம் ஐந்து நுனி இலையைச் சுருட்டி எங்கள் வாசல் கம்பியில் சொருகிவிட்டுப் போவார். கூப்பிட்டால் நிற்க மாட்டார். வெயில் ஏறினால் இலை வாடிவிடும்.

அவருடைய பிடிக்கு எண் குத்தும்போது வைஸுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல மூன்றுக்கு ஒரு அடி, எட்டுக்கு ஒரு அடி. அவர் எழுந்து வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நான் மறுபடி எண் குத்தும் உளியை எடுத்து அதே தடத்தில் வைத்து இன்னொரு அடி அடித்தேன். அவர் கேட்டுத்தான் அடித்தேன். ஆனால் சுத்தியல் என் கையில்தான் இருந்தது.

"இன்னும் ஒரு அடி போடுங்க அண்ணாச்சி. பாக்குதவன் கம்பெனி சாமான்னு நெனைக்கட்டும்."

அதே மாதிரி

வாசல் கம்பியில் இலை சொருகி நாளாகிவிட்டதே என்று சொர்ணம்தான் முதலில் சொன்னாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் இசக்கிமுத்துவின் சைக்கிள் படுத்திருந்தது. கூடவே அவர் மனைவி பேச்சியம்மா. வெறும் நெற்றி. நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆற்றுப் பாலம் தாண்டி இறக்கத்தில் விழுந்தாராம். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாராம். இறக்கத்தில் ஒரு குழி இருக்கிறது, அதில் இறங்கிச் சக்கரம் கழன்றுவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்களாம். அதெல்லாம் நடந்து நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது. இனி இலைக்கட்டை அவள்தான் கொண்டுபோக வேண்டும். சக்கரத்தைச் சைக்கிள் கடைக்காரர் சரி பண்ணிவிட்டார். பிடியை மட்டும் பேட்டையில் செய்தவரிடம்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு துண்டுகளை என் கையில் வைத்தாள். கழுத்தில் உடைந்திருந்தது. பாதி எண் ஒரு துண்டில், பாதி எண் மறு துண்டில்.

பத்து நாள் ஆகும் என்று சொன்னேன். ஆட்டோவில் ஏறப் போனவள் திரும்பினாள்.

"அதே மாதிரியே செஞ்சு தாங்க அண்ணாச்சி. வண்டியில எது ஆடினாலும் அண்ணாச்சி போட்ட பிடி மட்டும் ஆடாதுன்னு அவிய சொல்லிக்கிட்டே இருப்பாவ."

சங்கரபாண்டியின் கேள்வி

துண்டுகளை டீசலில் கழுவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உடைப்பு மூன்றையும் எட்டையும் தொட்டுக்கொண்டு, எண் வரிசையோடு வரிசையாகவே போயிருந்தது. உடைந்த முகத்தில் இரண்டு நிறம். எண் இருந்த மேல் பாதி கறுத்துப் போன பழைய உடைப்பு. கீழ்ப் பாதியில் துரு இப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது. அப்படியென்றால் மேல் பாதி பல நாளுக்கு முன்பே விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பாதி உடைப்போடுதான் இசக்கிமுத்து தினமும் ஆறு கட்டு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார், என் வாசலில் இலை சொருகிவிட்டும் போயிருக்கிறார்.

எஸ்டேட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சங்கரபாண்டி எனக்கு முப்பது வருடச் சிநேகிதன். அவனிடம் கொண்டுபோனேன். கண்ணாடி எதுவும் கேட்கவில்லை, விரல் நகத்தால் தடவியே சொல்லிவிட்டான். "நம்பர அடிச்சிட்டுல்லா எண்ணெயில முக்கியிருக்கீரு? ஆழமா வேற அடிச்சிருக்கீரு. அதுவும் கழுத்துல! கண்ணாடியில கீறல் போட்டு வச்ச மாதிரிதான். தெனம் நூறு ஒத வாங்கினா விட்டுப்போகாம என்ன செய்யும்?"

எனக்கும் அது தெரிந்ததுதான். லேத்தில் தண்டு கடையும்போது மூலையில் கூர்மையான வெட்டு விழக் கூடாது, விழுந்தால் அங்கேதான் முறியும் என்று முப்பத்து நாலு வருடமாகத் தெரியும். எண்ணும் ஒரு வெட்டுத்தான் என்று தோன்றவில்லை. எண்ணை நான் ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

சங்கரபாண்டி பட்டறைப் பையனை டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, இரண்டு துண்டுகளையும் காகிதத்தில் பொதிந்து என் சட்டைப் பையில் அவனே வைத்தான்.

"குழின்னு ஊரே சொல்லுது. ஒம்ம யாரும் ஒண்ணும் கேக்கலியேவே. நீராப் போயி எதுக்கு வாயத் தொறக்கப் போறீரு?"

நாற்பத்தெட்டு

இருபத்து மூன்றிலிருந்து எழுபத்தொன்று வரை நாற்பத்தொன்பது பிடிகள். ஒன்று என் பையில் இருக்கிறது. மீதி நாற்பத்தெட்டும் ரோட்டில் ஓடுகின்றன. நோட்டில் ஊரும் பேரும் இருந்ததால் தேடிப் போக முடிந்தது. எண் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். சொர்ணம் போன் பண்ணுவாள், நான் எண் போடாத புதுப் பிடியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். முதலில் மற்றவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் பேச்சியம்மா முன்னால் போய் நிற்பதை அதைச் சொல்லியே தள்ளிப்போட்டேன் என்பதும் பொய் இல்லை.

காயல்பட்டினத்துப் பெரியவர்தான் முதல் ஆளாகக் கழற்றிக் கொடுத்தார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "படத்துல இருக்கது யாரு வெரல்னு கேட்ட ஆளு, சும்மா ஒண்ணும் இவ்வளவு தூரம் வர மாட்டிய" என்றார். எல்லோரும் அப்படி இல்லை. நல்லா ஓடுகிறதைக் கழற்ற மாட்டேன் என்றவர்கள் ஒன்பது பேர். அவர்களிடம் மட்டும் கடைசியில் உடைந்த துண்டுகளைக் காட்ட வேண்டியிருந்தது.

வந்த பிடிகளை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, சாக்பீஸ் பொடி தூவி வைப்பேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் முடி மாதிரி ஒரு கோடு விழும். இருபத்து மூன்று நாளில் நாற்பத்தேழு பிடி வந்தது. ஆறில் கோடு விழுந்தது. சைக்கிளோடு கொட்டகைக்கே வந்த மேலப்பாளையத்துக் காவலாளியின் பிடியில் இரண்டு கோடு. அவர் மனைவியும் பின்னால் நின்று அதைப் பார்த்தார். ஐம்பத்திரண்டாம் நம்பர் மட்டும் வரவில்லை. வாங்கிய காய்கறிக்காரர் சைக்கிளோடு விற்றுவிட்டார், வாங்கியவர் அம்பாசமுத்திரத்தில் இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டார். அதற்கு மேல் தடம் இல்லை.

காவலாளியின் பழைய பிடியைப் பொடி தூவியபடியே வைத்துவிட்டுப் புதுப் பிடியை மாட்டிக் கொடுத்தேன். காவலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் சாமான் உடையும் உடையும்னு ஊரு ஊரா நீங்களே போயி சொல்லுதீயளே, இப்பிடி ஒரு யாவாரத்த நான் எங்கனயும் பாத்ததில்ல அண்ணாச்சி."

குழி

சொன்ன பத்து நாள் கடந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பேச்சியம்மா இரண்டு முறை போன் பண்ணினாள். இரண்டு முறையும் சொர்ணம்தான் பேசினாள். இரண்டாவது முறை போனை வைத்ததும் உள்ளே போனாள். என் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

ஸ்ரீவைகுண்டத்தில் வாய்க்கால் ஓரத்துத் தெரு. பேச்சியம்மா வாசலில் சாக்கு விரித்து, கிழிந்த இலைகளைப் பிரித்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பிடி கொண்டுவந்திருப்பேன் என்று எழுந்தாள். நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது நாலே வார்த்தை. "குழி இல்லம்மா. நம்பர்தான் காரணம்." அவளுக்கு விளங்கவில்லை. சாக்கின் மேல் இரண்டு துண்டுகளையும் வைத்து, எங்கே குத்தினேன், எத்தனை அடி அடித்தேன், எந்தப் பாதி முதலில் விட்டது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். இன்னொரு அடியைக் கேட்டது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்குத் தேவை இல்லை.

அவள் இரண்டு துண்டுகளையும் எடுத்துச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். சேர்ந்தால் முப்பத்தெட்டு. பிரித்தாள். மறுபடி சேர்த்தாள். ஐந்து முறை அப்படிச் செய்தாள். திட்டுவாள் என்றுதான் போயிருந்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"இன்னொரு வீட்டு ஆம்பள அங்கன விழுந்துரக் கூடாதுன்னு, நாலு நாளு தலைச்சுமையா மண்ணு கொண்டுபோயி நாந்தான அந்தக் குழிய அடைச்சேன்."

மாதம் ஒரு தரம்

அவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆறாவது நாள் சைக்கிளோடு வந்துவிட்டாள். இலைக்கட்டைப் பஸ்ஸில் ஏற்ற விட மாட்டேன் என்கிறார்களாம், ஆட்டோவுக்குக் கொடுத்தால் இலையில் ஒன்றும் மிஞ்சாதாம். வேறு பட்டறைக்குப் போயிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. அச்சின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பிடி செய்து வைத்திருந்தேன். சாதாரண இரும்பு, இரண்டு மடங்கு கனம், எண் இல்லை, எண்ணெயில் முக்கவும் இல்லை. மாட்டிவிட்டு, மாதம் ஒரு தரம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள்.

ஏழு மாதமாக ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஓட்டல்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வருவாள். சொர்ணம் ஸ்டூலை எடுத்துப் போடுவாள், அவள் உட்கார மாட்டாள். டீ கொடுத்தால் குடிப்பதில்லை. வாசல் கம்பியில் இலை சொருகுவதும் இல்லை. நான் இரண்டு பிடியையும் கழற்றி ஊறப்போட்டு, துடைத்து, பொடி தூவிக் காத்திருப்பேன். அரை மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் அவள் அந்த வெள்ளைப் பொடியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கோடு எதுவும் விழாது. மறுபடி மாட்டி, நட்டை இறுக்கிவிட்டு நிமிர்ந்தால், மாதா மாதம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்பாள். 'அண்ணாச்சி' என்பதை அவள் விட்டு ஏழு மாதம் ஆகிறது.

"பாத்தாச்சா?"

ஐம்பத்திரண்டு இன்னும் வந்து சேராததால், யார் வந்தாலும் முகத்தைப் பார்க்காமல் முன் சக்கரத்தைப் பார்த்துப் பேசுகிறவன் என்று பேட்டையில் எனக்குப் பெயராகிவிட்டது. கூச்சக்காரனுக்கு அதுவும் ஒரு வசதிதான்.